முறுக்கின் காடு

தோண்டிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். அவ்வளவுதான். கையை உள்ளே விட்டு இலையை ஒதுக்கினால் ஒரு நிமிஷ வேலை, அந்த ஒரு நிமிஷத்தைத்தான் குணசீலன் விடிந்ததிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். பல் தேய்த்துவிட்டுப் பார்க்கலாம் என்றான், தேய்த்தாயிற்று. காபி குடித்துவிட்டு என்றான், குடித்தாயிற்று. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, கவிழ்த்த இடத்தில் வடிந்த தண்ணீரைத் துடைத்து, துடைத்த துணியையும் அலசிக் காயப்போட்டாயிற்று. இனிமேல் சாக்குச் சொல்ல அந்த வீட்டில் ஒரு சாமான் பாக்கியில்லை. ஹாலில் சுவரோரமாக மேஜைமேல் கண்ணாடித் தொட்டி. உள்ளே செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும், அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த பாதாம் இலை, குறுக்கே ஒரு கொய்யாக் கிளை, மூலையில் மணி பிளான்ட். இதற்குள் எங்கேயோ முறுக்கு இருக்கிறது. இருக்கும். மூடி போட்ட தொட்டியிலிருந்து எங்கே போய்விடப் போகிறது? முறுக்கு என்றால் தின்கிற முறுக்கு இல்லை, பாம்பு. விஷமில்லாத வெளிநாட்டுச் சாதி, முறைப்படி பதிந்து காகிதத்தோடு வந்தது. பயந்தால் தலையை நடுவில் வைத்துக்கொண்டு சுருண்டுவிடும், அதைப் பார்த்துத்தான் மகிழினி அந்தப் பேரை வைத்தாள். மகிழினி அவன் மகள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மகள். மற்ற கிழமைகளில் தாம்பரத்தில் அவள் அம்மா சுபத்ராவோடு இருக்கிறாள், விவாகரத்துப் பேப்பரில் அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இன்றைக்கு ஞாயிறு. இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே சுபத்ராவின் ஸ்கூட்டர் ஹாரன் கேட்கும், படியேறி வருவாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் "முறுக்கு எங்க?" என்பாள். எப்படிப்பா இருக்கீங்க என்று கேட்கமாட்டாள். கேட்கவேண்டாம், குழந்தைதானே, முறுக்கைப் பார்க்கவாவது வருகிறாளே என்றுதான் குணசீலன் மனசைத் தேற்றி வைத்திருந்தான். அந்த முறுக்கு செத்துப்போயிருந்தால் அவள் எதற்கு வரவேண்டும்?

செத்துப்போயிருந்தால் என்று நினைத்துவிட்டோமே என்று அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீச்சீ, வாயைக் கழுவு. வாயால் சொல்லவில்லை, மனசுக்குள் சொன்னதற்கு எதைக் கழுவுவது? முன்பெல்லாம் இந்த உபத்திரவமே கிடையாது. மூடியில் ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில் வெள்ளைத் தாள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள வாய் உடைந்த மண்சட்டி, முடிந்தது கதை. சட்டியைத் தூக்கினால் பாம்பு. உயிரோடு இருக்கிறதா, இருக்கிறது. தின்றதா, வயிறு புடைத்திருக்கிறது. வெளிக்குப் போனதா, தாளில் கிடக்கிறது, தாளைச் சுருட்டிப் போட்டுவிட்டு வேறு தாள். உடம்பில் உண்ணி இருந்தால் வெள்ளையில் கறுப்பாகப் புள்ளி தெரியும். ஆஸ்பத்திரியில் அவன் வேலையே இதுதானே. ஆபரேஷன் தியேட்டர் கத்தி கத்திரிக்கோலை எல்லாம் கழுவி, ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டி அனுப்புகிற பகுதி. அங்கே ஒன்றின்மேல் இன்னொன்று இருக்கக்கூடாது, மறைந்து எதுவும் கிடக்கக்கூடாது, ஒரு முடி கிடந்தால் மொத்தத் தட்டும் திரும்பிப் போகும். கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் சுத்தம், தெரியாத எதையும் அவன் நம்பியதில்லை. சுபத்ராவையே அவன் அப்படித்தான் நம்பவில்லை, வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள், சந்தேகப் பிராணி இல்லை அவன். அவள் அடுப்பைத் துடைத்துவிட்டுப் போனால் பின்னாலேயே போய் இவன் இன்னொரு தடவை துடைப்பான். அவள் குழந்தைக்குக் கை கழுவிவிட்டால் இவன் மறுபடி கழுவிவிடுவான். பினாயில் போட்டுத் துடைத்த தரை காயும்வரை தாயும் மகளும் கட்டில்மேல் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். ஆஸ்பத்திரி லேபில் இருந்த ஒருவன் மஸ்கட்டுக்கு வேலை கிடைத்துப் போகும்போது இந்தப் பாம்பைக் கொடுத்துவிட்டுப் போனான், பாம்புக்குத் தீனியான எலியை ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைக்கிற வீட்டில் எவள் இருப்பாள் என்று அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிற்று, ஆனால் சுபத்ரா பாம்பைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. போகும்போதுதான் சொன்னாள். "இந்த வீட்டுல பாம்பு ஒண்ணுதாங்க சொன்ன பேச்சு கேக்கும். நீங்களும் அதுவும் நல்லா இருங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

டப்பாவிலேயே விட்டிருக்கலாம். விட்டிருக்கலாம்தான். யார் கேட்டார்கள்? முறுக்கு கேட்டதா? பாம்பு வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவன் இருந்தான், அங்கே ஓயாத சண்டை இதுதான். ஒரு கட்சி டப்பாக் கட்சி. பாம்புக்கு வேண்டியது இருட்டு, வெதுவெதுப்பு, தண்ணீர், நேரத்துக்கு எலி, மண்ணும் செடியும் பார்க்கிறவன் ஆசைக்குத்தானே தவிர பாம்புக்கு இல்லை என்பார்கள். இன்னொரு கட்சி காட்டுக் கட்சி. உன்னைக் கக்கூஸில் பூட்டி வேளாவேளைக்குச் சோறு போட்டால் இருப்பாயா என்று கேட்பார்கள். குணசீலன் இரண்டிலும் வாயைக் கொடுக்காமல் படித்துக்கொண்டிருப்பான், மனசுக்குள் டப்பாக் கட்சி. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகிழினி சட்டியைத் தூக்கி முறுக்கைப் பார்த்துவிட்டு, அப்படியே தலையைத் திருப்பி ஹாலைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ், ஒரு நாற்காலி, சுபத்ரா சாமான்களை எடுத்துப்போனபிறகு அவன் வேறெதுவும் வாங்கிப் போடவில்லை, எதற்கு, தூசி சேரும். "அப்பா, உங்க வீடும் முறுக்கோட டப்பா மாதிரியே இருக்கு இல்ல?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு பிஸ்கெட் தின்றாள். உங்க வீடு என்றாளே. அதற்கு முன்னால் எப்போதும் வா போ என்றுதான் அப்பாவைக் கூப்பிடுவாள், நீ வாப்பா, நீ தூக்குப்பா, தாம்பரம் போனதிலிருந்து வாங்க போங்க ஆகிவிட்டது, விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. அன்றைக்கு ராத்திரி அங்கே தங்கச் சொன்னதற்கும் மாட்டேன் என்றுவிட்டாள். "இங்க ஒண்ணுமே இல்லப்பா." சரி, ஏதாவது இருக்கட்டும் என்றுதான் காடு போட்டான். செம்மண்ணை வாணலியில் வறுத்தான், இலையை வேகவைத்துக் காயவைத்தான், கிளையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், காட்டையும் அவன் சுத்தம் பண்ணித்தான் உள்ளே விட்டான், அவன் குணம் எங்கே போகும்! போன ஞாயிறு மகிழினி வந்தபோது முறுக்கு அந்தக் கொய்யாக் கிளைமேல் ஏறிக்கொண்டிருந்தது. டப்பாவில் இருந்த காலமெல்லாம் தரையில் கிடந்த பாம்பு, கிளையைப் பிடித்து மெதுவாக, யோசித்து யோசித்து ஏறிற்று. மகிழினி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள், மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிற்று, துடைக்க அவன் கை துடித்தது, ஆனால் துடைக்கவில்லை. "அப்பா, அது சிரிக்குதுப்பா" என்றாள். அவன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று அன்றைக்குத் தோன்றிற்று, இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதோடு நிறுத்தியிருக்கக்கூடாதா, பாவி.

அந்தப் பூசணம். அதைப் பற்றி நினைக்கக்கூடாது என்று குணசீலன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான், மூடினான், திரும்பி வந்து அதையே நினைத்தான். அந்த வாரத்திலேயே ஒருநாள் வேலைவிட்டு வந்து பார்த்தால் இலைமேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்துக் கிடந்தது. புதுக் காட்டில் அப்படி வரும், தானாகப் போய்விடும், கை வைக்காதீர்கள் என்று அந்தக் குழுவிலேயே எழுதியிருந்தார்கள். படித்திருந்தான். படித்தவன்தான். ஆனால் பூசணத்தைக் கண்ணால் பார்த்தபிறகு படித்தது எங்கே நினைவுக்கு வருகிறது? மகிழினிக்கு வீசிங் உண்டு. சின்ன வயசில் நெபுலைசர் இல்லாமல் எங்கேயும் கூட்டிப்போக முடியாது. போனில் சுபத்ரா வேறு, "மண்ணு கிண்ணெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்களாமே, அவ இருமிட்டு வந்தான்னா அப்புறம் அனுப்பமாட்டேன், சொல்லிட்டேன்" என்று சொல்லியிருந்தாள். செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில் கையில்தான் இருந்தது. அதில் ஒரு மூடி. வெள்ளைப் பினாயில், ஒரே ஒரு மூடி, நிறையத் தண்ணீர். பால் மாதிரி ஆயிற்று. இலைமேல் லேசாகத்தான் அடித்தான். அப்புறம் மூலைக்கு மூலை கொஞ்சம். அப்புறம் அடியில் இருக்குமோ என்று இலையைத் தூக்கி அங்கேயும். மூடியைப் போட்டான். வீடெல்லாம் அந்த வாடை வந்தபிறகுதான் அவனுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது, அந்த வாடை இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், சின்ன வயசிலிருந்து அவனுக்கு அப்படி. மறுநாள்தான் தேடிப் படித்தான். பாம்புக்குப் பினாயில் ஆகவே ஆகாதாம். அதற்கு உருப்படியான நுரையீரல் ஒன்றுதானாம், மூடின இடத்தில் அந்த வாடையை இழுத்தால் தாங்காதாம். படித்தவுடனே மூடியைத் திறந்து வைத்தான், ஃபேனைப் போட்டான், நல்ல தண்ணீரை அடித்தான். முறுக்கைக் காணோம். இலைக்குள் போயிருக்கும் என்றான். எலி வைத்தான், தொடவில்லை, எடுத்துப்போட்டான். சில பாம்பு வாரக்கணக்கில் தின்னாது. சில பாம்பு நாள்கணக்கில் வெளியே வராது. காடு என்றால் அப்படித்தான், ஒளிந்துகொள்ளத்தானே காடு. டப்பாவில் இருந்திருந்தால் சட்டியைத் தூக்கி இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கணமே தெரிந்திருக்கும். இதில் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது, யோசித்துப் பார்த்தால், நல்லதாகவும் இருந்தது. இலையைத் தொடாதவரைக்கும் முறுக்கு உயிரோடுதான் இருக்கிறது, தொட்டால்தானே வம்பு. கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்பாத மனுஷன் இந்த நாலைந்து நாளாய் அந்த இலைக்குவியலை மட்டும் அப்படி நம்பினான். ஒரு மூடிதான். ஒரே ஒரு மூடிதானே.

கையை நீட்டிவிட்டான். விரல் நுனி இலையில் பட்டு ஒரு இலை சரிந்தது, அதன்கீழ் இன்னொரு இலைதான். இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டால். கீழே ஹாரன் கேட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, வாஷ்பேசினுக்குப் போய் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு கதவைத் திறந்தான்.

"முறுக்கு எங்க?" என்றாள் மகிழினி. தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தாள், கையில் ஒரு டப்பாவில் ஏதோ கொண்டுவந்திருந்தாள், கொய்யா இலை. "கிளைல இலையே இல்ல பாருங்க, அதான்."

"உள்ள இருக்கும்மா. ஒளிஞ்சிட்டிருக்கு."

"எவ்வளவு நேரமா?"

"அது... அப்பப்ப வரும், போகும்" என்றான். "காட்டுல இருந்தா அப்படித்தான். நாம நெனச்ச நேரத்துக்கெல்லாம் வராது."

அவள் அதை அப்படியே நம்பினாள். சந்தேகப்படுவாள், அடம்பிடிப்பாள், தோண்டுங்க என்பாள், தோண்டித்தான் ஆகவேண்டியிருக்கும், அழுவாள், அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவன் உள்ளுக்குள் தயாராகிவிட்டிருந்தான், அப்படி ஆகியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அவளோ அந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டாள், கோயிலில் திரை விலகக் காத்திருக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. ஜூஸ் கொடுத்தான், வேண்டாம் என்றாள். டிவி போடட்டுமா என்றான், சத்தம் கேட்டால் அது பயப்படும் என்றாள். அவன் பின்னால் நின்றான். அவள் வகிடு நேராக இருந்தது, சுபத்ரா எடுத்த வகிடு, அவன் எடுத்துவிட்ட காலத்தில் ஒருநாளும் நேராக வந்ததில்லை என்று அழித்து அழித்துச் சீவுவான், குழந்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இப்போது சொல்லிவிடலாம். மகிழ், அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன். சொன்னால் என்ன ஆகும்? அவள் திரும்பிப் பார்ப்பாள். அந்த முகத்தை அவனால் பார்க்க முடியாது. பத்து வயசுப் பிள்ளையின் முகத்துக்குப் போய் இப்படிப் பயப்படுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம், நினைத்துக்கொள்ளுங்கள், அவன் பயந்தான். இலை ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. இருவரும் ஒரே சமயம் குனிந்தார்கள். ஃபேன் காற்று.

"அப்பா."

"ம்."

"காட்டுக்குள்ள உங்க வாசன வருது." மூடியின் வலைமேல் மூக்கை வைத்திருந்தாள்.

"என் வாசனையா?"

"ஆமா, இந்த வீட்டு வாசன. நீங்க வந்தா வருமே, அது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "முறுக்கு உங்கள மறக்கவே மறக்காது."

அவன் சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றான், குழாயைத் திறந்துவிட்டு நின்றான், தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது அவள் கொண்டுவந்த கொய்யா இலையை ஒவ்வொன்றாக வலை ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். அவை கிளைமேல் நிற்காமல் கீழே விழுந்தன. நேரம் அப்படியே போயிற்று. கீழே ஹாரன் கேட்டது. அவள் எழுந்து நாற்காலியை முன்பிருந்த இடத்திலேயே சுவரை ஒட்டிப் போட்டாள், அப்பாவுக்கு அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?" என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே.

"சொல்லும்மா."

"எனக்கு இனிமே ஞாயித்துக்கெழம கீபோர்ட் கிளாஸ் வெக்கிறாங்க. அம்மா போன மாசமே சேக்கறேன்னாங்க, நாந்தான் முறுக்கு தனியா இருக்கும், அந்த டப்பால ஒண்ணுமே இல்ல, நான் போலன்னா பாவம்னு சண்ட போட்டேன். இப்பதான் காடு வந்துடுச்சே. அதுக்கு நெறைய வேல இருக்கும் இனிமே, இல்ல? நான் வரலன்னாலும் போரடிக்காது. லீவுல வரேன்பா."

நான் இன்னும் டப்பாவில்தானே இருக்கிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய்வரைக்கும் வந்தது. "நல்லா கத்துக்கோ" என்றுதான் சொன்னான். அவள் படியில் இறங்குகிற சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது, கடைசிப் படியில் எப்போதும்போல் குதித்தாள். ஸ்கூட்டர் போய்விட்டது.

கதவைச் சாத்தக்கூட இல்லை, குணசீலன் நேராகப் போய்ப் பரண்மேலிருந்து அந்தப் பழைய டப்பாவை இறக்கினான். அவனுக்கு வந்த புத்தியைப் பாருங்கள். காடு வந்ததனால்தானே வரமாட்டேன் என்கிறாள், காட்டை எடுத்துவிட்டால்? முறுக்கை மறுபடி டப்பாவில் போட்டுவிட்டால்? வெள்ளைத் தாள், ஒரு கிண்ணம், உடைந்த சட்டி, வேறு ஒன்றும் கிடையாது, ஒன்றுமே கிடையாது, பார்க்கிறவர்களுக்கு அய்யோ என்று இருக்கவேண்டும். போட்டோ எடுத்து அனுப்பவேண்டும். செடி ஒத்துக்கவில்லை, மண் ஒத்துக்கவில்லை, மறுபடி டப்பாதான், பாவம் தனியாகத்தான் கிடக்கிறது என்று எழுதவேண்டும். சண்டை போட்டுவிட்டு வந்துவிடுவாள். அவள் மனசு அப்படி. டப்பாவைக் கழுவினான், துடைத்தான், தாளை அளவெடுத்து மடித்து மூலைக்கு மூலை சுருக்கமில்லாமல் விரித்தான், கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினான். காலையிலிருந்து வராத தைரியம் இப்போது எங்கிருந்தோ வந்திருந்தது, பாம்பு உயிரோடு இருந்தாகவேண்டும், வேறு வழியே கிடையாது, அதனால் இருக்கும். தொட்டியின் மூடியைத் தூக்கி, இரண்டு கையையும் முழங்கைவரைக்கும் இலைக்குள் விட்டான்.

பின்மூலையில் இருந்தது. கொய்யாக் கிளையின் அடியில், மண்ணோடு மண்ணாக. சுருண்டிருக்கவில்லை. பயந்தால் சுருள்கிற பாம்பு, நீளமாகக் கிடந்தது, வாய் கொஞ்சம் திறந்து கண்ணாடிக்கும் மேல்வலைக்கும் இடையில் இருந்த சின்ன இடுக்கைப் பார்க்க மூக்கை நிமிர்த்திக்கொண்டு. உடம்பு கயிறு மாதிரி விறைத்திருந்தது. நாற்றம் எடுக்கவில்லை. பினாயில் எதையும் அவ்வளவு சீக்கிரம் நாறவிடாது, அது அவன் தொழிலில் தெரிந்த சங்கதிதான். குவியலைக் கலைத்ததில் மகிழினி போட்ட கொய்யா இலை ஒன்று அதன் முதுகில் விழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. குணசீலன் அதை எடுக்காமல் முறுக்கை இரண்டு கையாலும் தூக்கி டப்பாவுக்குள் வெள்ளைத் தாள்மேல் வைத்தான். வைத்துவிட்டு அதைச் சுருட்டப் பார்த்தான், தலையை நடுவில் வைத்து, எப்போதும் இருக்கிற மாதிரி. வளையவில்லை. தாளில் அதன் உடம்பு, உதிர்ந்த மண், பச்சை இலை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அங்கே எதுவும் மறைந்திருக்கவில்லை. அவன் டைல்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, மண் ஒட்டின கையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டே அழுதான்.

போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. சுபத்ராவின் நம்பர், எழுதியது மகிழினி. தாம்பரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

"முறுக்கு வெளிய வந்துச்சா?"

போனைக் கையில் எடுத்தான். திரையில் மண் பட்டது, துடைக்கத் தோன்றவில்லை.

"வந்துச்சு" என்று அனுப்பினான்.

உடனே பதில் வந்தது, அம்மாவின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பாள் போல. "ஹய்யா! அத இனிமே அந்த டப்பால மட்டும் போட்டுடாதப்பா. பாவம்."

"சரிடா, போடமாட்டேன்" என்று எழுதி அனுப்பிவிட்டு, போனைத் தரையில் வைத்தான். அப்புறம் ஓட்டை போட்ட அந்த மூடியை எடுத்து டப்பாவின்மேல் பொருத்தி, நாலு பக்கமும் கிளிப்பை அழுத்திப் போட்டான்.